மருத்துவ உரிமத் தேர்வு: நோயறிதலையும் சிகிச்சையையும் மீள்பார்வை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

உரிமத் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து கேள்விகளைப் போட்டுப் பார்க்கும்போது ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. நோய் என்ன என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். "இது நுரையீரல் ரத்தக்கட்டி" என்பது வரை வந்தவர், ஹெப்பாரினா (ரத்த உறைவுத் தடுப்பு மருந்து), சிடி ஸ்கேனா, டி-டைமரா (ரத்த உறைவுக்கான ரத்தப் பரிசோதனை) என்று விடைகளுக்கு நடுவே நின்றுவிடுகிறார். மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

படித்தது போதாமல் இப்படி ஆவதில்லை. எதற்கு அப்புறம் எது என்ற வரிசையில் படிக்காததால் ஆகிறது. நானும் முதல் முறை நோய் வாரியாக, அத்தியாயம் அத்தியாயமாகத்தான் படித்தேன். மாதிரித் தேர்வில் பாதிக் கேள்விகளில் இரண்டு விடைகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட பிறகுதான் குறிப்புகளைக் கலைத்துவிட்டு வேறு விதமாக அடுக்கினேன். கீழே இருப்பது அந்த அடுக்கு.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் தேர்வை நடத்தும் வாரியம் வெளியிட்டிருக்கும் பாடப் பகுப்பை அச்செடுத்து மேசையில் வையுங்கள். எந்தத் துறைக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்கும். அதைப் பார்க்காதவர்கள் தங்களுக்குப் பிடித்த துறையிலேயே மூன்று வாரம் ஓட்டிவிட்டு, மகப்பேறையும் குழந்தை நலத்தையும் கடைசி நான்கு நாளில் திணிக்கிறார்கள்.

ஒரே ஒரு மேற்கோள் நூல், ஒரே ஒரு கேள்வி வங்கி போதும். கேள்வி வங்கியில் தவறான விடைகளுக்கும் விளக்கம் இருக்க வேண்டும். சரியான விடைக்கு மட்டும் விளக்கம் தரும் வங்கியால் பாதிப் பயன்தான். இரண்டு வங்கிகளை அரைகுறையாக முடிப்பதைவிட ஒன்றை முழுதாக இரண்டு முறை செய்வது நல்லது.

குறிப்பேடு தைத்த நோட்டாக வேண்டாம். தாள்களைக் கழற்றி மாட்டும் கோப்பாக இருக்கட்டும். ஒரே பக்கத்துக்கு நீங்கள் பல முறை திரும்பி வந்து சேர்க்கப் போகிறீர்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள்: அளவு அலகும் மருந்துப் பெயரும். உங்கள் தேர்வு ரத்த சர்க்கரையை மி.கி./டெசிலிட்டரில் கேட்கிறதா, மில்லிமோலிலா என்று முதல் நாளே பாருங்கள். 180 மி.கி. என்றால் 10 மில்லிமோல்; 18-ஆல் வகுத்தால் போதும். கிரியாட்டினின் 1 மி.கி. என்பது சுமார் 88 மைக்ரோமோல். அதேபோல அட்ரினலின்தான் எபிநெஃப்ரின், பாராசிட்டமால்தான் அசெட்டமினோஃபென், சால்பியூட்டமால்தான் அல்பியூட்ரால். தேர்வு அறையில் பழகாத பெயரைப் பார்த்து ஒருவர் சரியான விடையைத் தள்ளிவிட்டுப் போனதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தாளில் இந்த இணைப் பெயர்களை எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வைத்துவிடுங்கள்.

## 2. பாடத்தை நோயாளியின் புகார் வாரியாகப் பிரியுங்கள்

நோயாளி நோயின் பெயரோடு வருவதில்லை. "நெஞ்சு வலிக்குது", "மூச்சு வாங்குது" என்றுதான் வருகிறார். கேள்வியும் அப்படித்தான் தொடங்கும். அதனால் உங்கள் பக்கங்களின் தலைப்பும் புகாராகவே இருக்கட்டும்: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வயிற்றுவலி, தலைவலி, மயங்கி விழுதல், வலிப்பு, காய்ச்சல், மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, ஒரு மூட்டு வீக்கம், முதுகுவலி, திடீர்க் குழப்பம், கர்ப்பகால ரத்தப்போக்கு, குழந்தையின் வாந்தி. முப்பதிலிருந்து நாற்பது தலைப்புகளுக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இதில் ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரு துறையின் அடிப்படையே கைவசம் இல்லை என்றால், அதை ஒருமுறை நோய் வாரியாகப் படித்துவிட்டுத்தான் இந்த முறைக்கு வர வேண்டும். இதய செயலிழப்பு என்றால் என்னவென்று தெளிவில்லாதவர் மூச்சுத்திணறல் பக்கத்தை எழுத முடியாது.

மனநலத்தை மட்டும் கால அளவு வாரியாகப் படிப்பது எளிது. உளப்பிறழ்வு ஒரு மாதத்துக்குள் தீர்ந்தால் ஒரு பெயர், ஒன்று முதல் ஆறு மாதம் வரை இன்னொரு பெயர், ஆறு மாதத்தைத் தாண்டினால் ஸ்கிசோஃப்ரீனியா. மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். அங்கே நாட்களின் எண்ணிக்கைதான் விடையைப் பிரிக்கிறது.

## 3. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு போடுங்கள்

கோட்டுக்கு இடது பக்கம் "நிலை சரியில்லை", வலது பக்கம் "நிலை சரி". புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால், மற்ற எதையும்விட இதற்கு நேரம் கொடுங்கள்.

நிலை சரியில்லை என்பதற்கு அடையாளம்: மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, நினைவு மங்கல், ஆக்சிஜன் குறைவு, தொடரும் நெஞ்சுவலி, திடீர் நுரையீரல் நீர்க்கோப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலே விடை மாறிவிடும். நோய் அதேதான், செய்ய வேண்டியது வேறு.

வயிற்றில் அடிபட்டு வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் நன்றாக இருந்தால் சிடி ஸ்கேன். அழுத்தம் விழுந்து, படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம் தெரிந்தால் நேராக அறுவை அரங்கு. அவரை ஸ்கேன் அறைக்கு அனுப்பும் விடை எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் தவறு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) அழுத்தம் விழுந்திருந்தால் ஒத்திசைத்த மின்னதிர்ச்சி. நிலை சரியாக இருந்தால் முதலில் துடிப்பு வேகத்தைக் குறைத்து, பக்கவாத அபாயத்தைக் கணக்கிட்டு, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தேவையா என்று பார்ப்போம். கருக்குழாய்க் கர்ப்பத்திலும் இதே கதை: நிலை சரியில்லை என்றால் அறுவை; நிலை சரியாக இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் மெத்தோட்ரெக்சேட்டை யோசிக்கலாம்.

டென்ஷன் நியூமோதொராக்ஸை (நெஞ்சறைக்குள் அடைபட்ட காற்று நுரையீரலை அழுத்துவது) இடது பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். மூச்சொலி ஒரு பக்கம் இல்லை, மூச்சுக்குழாய் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது, அழுத்தம் விழுகிறது. இந்த மூன்றும் கேள்வியில் இருக்கும்போது எக்ஸ்ரே என்ற விடை ஒரு பொறி. ஊசியோ குழாயோ போட்டுக் காற்றை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. நுரையீரல் பாடத்தை நன்றாகப் படித்தவர்களே "முதலில் உறுதி செய்வோமே" என்ற பழக்கத்தில் எக்ஸ்ரேயைத் தொட்டுவிடுகிறார்கள்.

## 4. ஒரு பக்கத்தை முழுதாக எழுதிப் பாருங்கள்: நெஞ்சுவலி

எல்லாத் தலைப்புகளையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். ஒரு பக்கம் முழுமையாக வந்தால் மற்றவை தானாக வரும். நெஞ்சுவலியில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் எல்லா வகை முடிவுகளும் அதில் இருக்கின்றன.

மேலே, விட்டுவிட்டால் உயிர் போகும் ஐந்தை எழுதுங்கள்: மாரடைப்பு, பெருந்தமனிக் கிழிசல், நுரையீரல் ரத்தக்கட்டி, டென்ஷன் நியூமோதொராக்ஸ், உணவுக்குழாய் வெடிப்பு. இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்து அழுத்துவதை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அமில எதுக்களிப்பு, விலா எலும்புக் குருத்து வலி, பதற்றம் எல்லாம் அடியில் சிறிய எழுத்தில்.

அடுத்து, ஒவ்வொன்றையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே ஒரு குறிப்பு. பத்துக் குறிப்புகள் எழுதினால் எதுவும் நிற்காது. முதுகுக்குப் பாயும் கிழிக்கிற வலி, இரண்டு கைகளிலும் வெவ்வேறு ரத்த அழுத்தம் என்றால் பெருந்தமனி. கடுமையாக வாந்தி எடுத்த பிறகு வலி, கழுத்துத் தோலுக்கடியில் காற்று நெறுநெறுப்பு என்றால் உணவுக்குழாய். முன்னால் சாய்ந்தால் குறையும் வலி, இசிஜியில் பரவலான எஸ்டி உயர்வு, பிஆர் இறக்கம் என்றால் இதய உறை அழற்சி.

பிறகு முதல் செயல். வந்து 10 நிமிடத்துக்குள் இசிஜி. எஸ்டி உயர்வு தெளிவாக இருந்தால் டிரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்து, அடைப்பைத் திறக்கும் ஏற்பாட்டில் இறங்க வேண்டும். முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியும் என்றால் அதுதான். முடியாது, வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார், தடையும் எதுவும் இல்லை என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. கேள்வியில் "அருகில் உள்ள கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) மூன்று மணி நேரத் தொலைவில்" என்று ஒரு வரி வந்தால் அது அலங்காரத்துக்கு வரவில்லை.

கடைசியாக, செய்யக் கூடாதவை. வலது கீழறை பாதிக்கப்பட்ட மாரடைப்பில் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) கூடாது. சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. பெருந்தமனிக் கிழிசலில் கட்டி கரைக்கும் மருந்து கூடாது. இந்தக் "கூடாது" பகுதியிலிருந்துதான் கடினமான கேள்விகள் நிறைய பிறக்கின்றன, ஆகவே அதற்குத் தாளில் தாராளமாக இடம் விடுங்கள்.

## 5. சோதனைகள்: முதலாவது, உறுதியானது, காத்திருக்கக் கூடாதது

"முதலில் செய்ய வேண்டிய சோதனை எது", "நோயை உறுதி செய்யும் சோதனை எது" இரண்டும் வேறு வேறு கேள்விகள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், விடை வேறு. அதனால் உங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள்.

இடிவிழுந்தாற்போல் வந்த தலைவலிக்கு முதலாவது, சாயம் ஏற்றாத சிடி. அது இயல்பாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் லம்பார் பங்சர் (முதுகுத் தண்டு நீர் எடுப்பது). ரத்தக்கசிவு உறுதியானபின் எந்த இடத்தில் குழாய் புடைத்திருக்கிறது என்று காட்டுவது ஆஞ்சியோகிராம். மூன்றும் சரியான சோதனைகள்தான். கேள்வி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். பக்கவாதம் போல வந்தவருக்கு ஸ்கேனுக்கும் முன்னால் விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தாலும் உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும்.

டி-டைமர் இன்னொரு இடறல். நுரையீரல் ரத்தக்கட்டிக்கான வாய்ப்பு குறைவாக இருக்கும்போது, இல்லை என்று சொல்ல மட்டுமே அது பயன்படும். வாய்ப்பு அதிகம் என்று கதையே சொல்லும்போது டி-டைமர் கேட்பது வீண். நேராக சிடி ஆஞ்சியோகிராம்.

கருவுறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வயிற்றுவலி என்றால் முதல் சோதனை கர்ப்பப் பரிசோதனை. இது எல்லோருக்கும் தெரியும் என்கிறார்கள். ஆனால் கேள்வியில் குடல்வால் அழற்சியின் அடையாளங்கள் அழகாக வரிசையாக வந்துவிட்டால், சிடியை நோக்கி விரல் போய்விடுகிறது.

இனி, சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாதவை. இவற்றைத் தனித் தாளில் எழுதி வாரம் ஒருமுறை படியுங்கள்.

மூளையுறை அழற்சி என்று சந்தேகம், நரம்பியல் குறைபாடோ கண் நரம்பு வீக்கமோ இருப்பதால் லம்பார் பங்சருக்கு முன் சிடி வேண்டும். சரி, அதுவரை ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கலாமா? கூடாது. ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, டெக்ஸாமெத்தசோனும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துவிட்டுத்தான் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

முதியவருக்கு நெற்றிப்பொட்டு வலி, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் என்றால் டெம்போரல் தமனி பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு. தாமதித்தால் பார்வை திரும்பாது. சில நாள் ஸ்டீராய்டால் பயாப்சி முடிவு கெட்டுப்போவதுமில்லை. விரை முறுக்கல் தெளிவாகத் தெரிந்தால் டாப்ளர் ஸ்கேனுக்காக நிற்காமல் அறுவை, ஏனென்றால் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அட்ரினல் நெருக்கடியில் கார்ட்டிசால் முடிவு வரும்வரை ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தி வைக்கக் கூடாது.

சோதனை பற்றிய கணக்குகளில் ஒன்றையாவது கையால் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 10 பேருக்கு நோய். சோதனையின் உணர்திறன் 90%, தனித்தன்மை 90%. நோயுள்ள 10 பேரில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 108 பாசிட்டிவில் உண்மையானது 9, அதாவது சுமார் 8%. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் நல்ல சோதனையும் ஏமாற்றும் என்பது இப்படி ஒருமுறை எண்ணிப் பார்த்தால் மறக்காது.

## 6. சிகிச்சையில் வரிசையைக் காரணத்தோடு சேர்த்து எழுதுங்கள்

மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால், அதே மருந்துகள் நான்கும் வெவ்வேறு வரிசையில் விடைகளாக வரும்போது உதவாது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

நீரிழிவுக் கீட்டோ அமிலத்தன்மையில் முதலில் சலைன், பிறகு பொட்டாசியம் என்ன என்று பார்ப்பது, அதன் பிறகுதான் இன்சுலின். பொட்டாசியம் 3.3-க்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்துப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும். புதிய வழிகாட்டுதல்களில் இந்த எல்லை 3.5. காரணம், இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அடுத்த பிழை இதே நோயின் பின்பாதியில் நடக்கிறது. சர்க்கரை 200-250 அளவுக்கு இறங்கியதும் இன்சுலினை நிறுத்தும் விடையைத் தேர்கிறார்கள். அப்போது டெக்ஸ்ட்ரோஸைச் சேர்த்து இன்சுலினைத் தொடர வேண்டும். நாம் விரட்டுவது கீட்டோனை. சர்க்கரை இறங்கியது பாதி வழிதான்.

பொட்டாசியம் ஏறி இசிஜி மாறியிருந்தால் முதலில் கால்சியம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத் தசையின் சவ்வை அமைதிப்படுத்திக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். பிறகு இன்சுலினும் குளுக்கோஸும், அப்புறம் உடலிலிருந்து வெளியேற்றும் வழிகள்.

ஃபியோகுரோமோசைட்டோமாவில் (அட்ரினலின் சுரக்கும் கட்டி) ஆல்ஃபா தடுப்பான் முன்னால், பீட்டா பின்னால். மாற்றிச் செய்தால் ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் எகிறும். பெருந்தமனிக் கிழிசலில் பீட்டா தடுப்பான் முன்னால், குழாயை விரிக்கும் மருந்து பின்னால். மாற்றினால் இதயம் வேகமெடுத்துக் கிழிசலை நீட்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்தால் ஒன்று இன்னொன்றை நினைவூட்டும்.

தைராய்டு புயலில் (தைராய்டு ஹார்மோன் அளவு மீறிய நெருக்கடி) ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் புரோபைல்தயோயூராசில் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் அயோடின். இல்லாவிட்டால் அந்த அயோடினே புது ஹார்மோனுக்கு மூலப்பொருளாகிவிடும். தைராய்டும் அட்ரினலும் இரண்டுமே குறைந்தவருக்கு ஸ்டீராய்டு முன்னால், தைராக்சின் பின்னால்.

அனஃபிலாக்ஸிஸில் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) அட்ரினலினுக்கு மாற்றே கிடையாது. பெரியவருக்கு தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின், உடனே. ஒவ்வாமை மாத்திரை வகைகளும் ஸ்டீராய்டும் அதன் பிறகு வருபவை.

சோடியம் குறைந்தவரைத் திருத்தும் வேகத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: நாள்பட்ட குறைவில் 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. வேகமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்புறை சிதையும்.

## 7. ஆளை மாற்றிப் பாருங்கள்

ஒரு பக்கம் முடிந்ததும் அதே நோயை நான்கு பேருக்குப் பொருத்திப் பாருங்கள்: கர்ப்பிணி, குழந்தை, முதியவர், சிறுநீரகம் பழுதானவர். பக்கத்தின் ஓரத்தில் நான்கு கட்டம் போட்டால் போதும்.

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் என்றால் ஏசிஇ தடுப்பான் கூடாது; லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா. வலிப்பு வந்துவிட்டால் மெக்னீசியம் சல்ஃபேட், அதன் நச்சுத்தன்மைக்கு முதல் அடையாளம் முழங்கால் அனிச்சை மறைவது, முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட். எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் தெரிந்தால் மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து வேண்டாம், கர்ப்பிணிக்கு வேண்டும்.

28 நாளுக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் ரத்தம், சிறுநீர், முதுகுத் தண்டு நீர் மூன்றும் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். "நன்றாகப் பால் குடிக்கிறது" என்ற வரியைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குப் பொதுவாக விலக்கு. கவாசாகி நோய் விதிவிலக்கு.

50 வயதைத் தாண்டியவருக்கு மூளையுறை அழற்சி என்றால் வழக்கமான மருந்துகளோடு லிஸ்டீரியாவுக்காக ஆம்பிசிலினும் சேரும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் நிறுத்தம்.

## 8. கேள்வியைப் படிக்கும் வரிசை

கடைசி வரியை முதலில் படியுங்கள். நோயைக் கேட்கிறார்களா, சோதனையையா, சிகிச்சையையா என்று தெரிந்துகொண்டு மேலே போனால் கண் தேவையானதைத் தேடும். பிறகு வயது, நாடி, ரத்த அழுத்தம். அதற்குப் பிறகு கதை.

இதைப் பாருங்கள். 58 வயது ஆண். ஒரு மணி நேரமாக நெஞ்சில் அழுத்தம், வாந்தி, வியர்வை. ரத்த அழுத்தம் 84/50, நாடி 72. கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது. நுரையீரல் தெளிவாக இருக்கிறது. இசிஜியில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி உயர்வு. ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று, கேத் லேப் தயாராகிறது. இப்போது உடனே எது? நைட்ரோகிளிசரின், ஃபுரோசமைடு, சலைன், மெட்டோபிரோலால்.

கடைசி வரி சிகிச்சையைக் கேட்கிறது. அழுத்தம் 84, ஆகவே நம் கோட்டின் இடது பக்கம். இசிஜி இதயத்தின் கீழ்ச்சுவர் என்கிறது. கழுத்துச் சிரை புடைத்திருக்க நுரையீரல் தெளிவாக இருப்பது வலது கீழறையைக் காட்டுகிறது. வலது பக்க இசிஜி எடுத்தால் வி4ஆர் லீடில் உயர்வு தெரியும். இந்த அறை போதிய ரத்தம் வந்து நிரம்பினால்தான் தள்ளும். நைட்ரோகிளிசரினும் ஃபுரோசமைடும் வரும் ரத்தத்தைக் குறைக்கும், மெட்டோபிரோலால் விழுந்த அழுத்தத்தை இன்னும் இறக்கும். சலைன்தான் விடை.

இதோடு நிறுத்தாமல் ஒரு வரியை மாற்றுங்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் கரகரப்பு என்று வைத்துக்கொண்டால்? இப்போது இடது கீழறை தோற்றிருக்கிறது. சலைன் ஆளை மூழ்கடிக்கும். ஒரு கேள்வியிலிருந்து இப்படி இரண்டு கேள்விகளை எடுக்கப் பழகியவர்கள் கேள்வி வங்கியை இரண்டு மடங்காகப் பயன்படுத்துகிறார்கள்.

## 9. பிழைக் குறிப்பேடு

தவறான கேள்வியின் விளக்கத்தை முழுதாக நகலெடுப்பது நேர விரயம். யாரும் அதைத் திரும்பப் படிப்பதில்லை. நான்கே நான்கு வகையில் ஒன்றைக் குறியுங்கள்: தெரியவில்லை, வரிசை மாறியது, வரியைத் தவறவிட்டேன், சரியாக இருந்ததை மாற்றினேன். அதன் கீழே இரண்டு வரி.

என் கோப்பிலிருந்து ஒன்று: "வரிசை மாறியது. நெஞ்சுவலி, இரு கைகளில் வெவ்வேறு அழுத்தம். ஹெப்பாரின் போட்டேன், சிடி எடுத்திருக்க வேண்டும். ரத்தக்கட்டி என்று முடிவு செய்வதற்குமுன் கிழிசல் இல்லை என்று பார்." இவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து வகைகளை எண்ணுங்கள். "தெரியவில்லை" அதிகம் என்றால் நூலுக்குத் திரும்ப வேண்டும். "வரியைத் தவறவிட்டேன்" அதிகம் என்றால் எவ்வளவு படித்தாலும் மதிப்பெண் ஏறாது; வேகத்தைக் குறைத்து, கடைசி வரியிலிருந்து படிக்கும் பழக்கத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. எண்ணிப் பார்க்காமல் எல்லோரும் நூலுக்கே திரும்புகிறார்கள்.

## 10. பன்னிரண்டு வார அட்டவணை

முதல் ஆறு வாரம்: நாளுக்கு ஒரு புகார்ப் பக்கம், அதே தலைப்பில் நேரக் கட்டுப்பாடில்லாமல் கேள்விகள். எழுதிய பக்கத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் திரும்பப் பாருங்கள். பார்ப்பது என்றால் வாசிப்பதில்லை. வெற்றுத் தாளில் தலைப்பை எழுதி, நினைவிலிருந்து நிரப்பி, பிறகு ஒப்பிடுங்கள். மறந்ததை மட்டும் வட்டமிடுங்கள்.

ஏழு முதல் பத்து வாரம்: எல்லாத் துறையும் கலந்த கேள்விகள், நேரம் வைத்து. தலைப்பு வாரியாகச் செய்யும்போது நோய் எது என்பது பாதி தெரிந்தே இருக்கும். தேர்வில் அந்தச் சலுகை கிடையாது. கலந்து செய்யத் தொடங்கிய முதல் வாரம் மதிப்பெண் இறங்கும். பயப்படாதீர்கள், பழைய முறைக்கும் திரும்பாதீர்கள்.

கடைசி இரண்டு வாரம்: முழு நீள மாதிரித் தேர்வு இரண்டு அல்லது மூன்று, உண்மைத் தேர்வு தொடங்கும் அதே மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாள் முழுவதும் பிழைகளுக்கு. மாதிரித் தேர்வை எழுதிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவைப்பது, ரத்தம் எடுத்துவிட்டு முடிவைப் படிக்காமல் விடுவது மாதிரி.

## 11. கடைசி மூன்று நாள்

புதுத் தலைப்பு எதையும் தொடாதீர்கள். மூன்று தாள்கள் மட்டும்: காத்திருக்கக் கூடாதவை, "கூடாது" பட்டியல், எண்களின் தாள். எண்களின் தாளில் இருக்க வேண்டியவை நழுவிப் போகிற சங்கதிகள்: பக்கவாதத்தில் ஆல்டிப்ளேஸுக்கு (ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து) 4.5 மணி நேரம், அதற்கு முன் அழுத்தம் 185/110-க்குக் கீழே. செப்டிக் அதிர்ச்சியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், சராசரி தமனி அழுத்தம் 65. குழந்தைக்கு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி.

முந்தின நாள் மதியத்தோடு கோப்பை மூடுங்கள். அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, தேர்வு மையத்துக்குப் போகும் வழி, இடைவேளையில் சாப்பிட ஏதாவது. இவற்றை எடுத்து வைத்துவிட்டு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கே தூங்கப் போங்கள்.